கப்பலில் எத்தனை பேர் வேண்டும்?

மும்பையின் கிழக்கோரத்தில், டிராம்பே என்னும் பகுதியில் ஒரு குன்று நிற்கிறது. அதன் இப்புறம் அணுசக்தி நகர். அப்புறம் பாபா அணு ஆராய்ச்சி மையம். அதனையும் கடந்தால் மும்பைத் துறைமுகத்தின் நீர்ப்பரப்பு. தெற்கே பீர் பாவ் என்னும் துறை ஒன்று உண்டு. எண்ணெயும் இரசாயனப் பொருள்களும் ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்து கட்டப்படுகின்றன. அணுசக்தி நகரில் குடியிருக்கும் தமிழர்களாகிய நாம் அணுவைப் பற்றிப் பேசுவோம். ஊரைப் பற்றிப் பேசுவோம். மாதுங்காவில் காய்கறி விற்கும் விலையைப் பற்றிப் பேசுவோம். இவ்வளவு அண்மையில் வந்துபோகும் கப்பல்களைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. குன்று மறைத்துக்கொள்கிறது போலும்.

அப்படிப்பட்ட நம் வீட்டு வாசலுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் கப்பல் தானாகவே வந்து சேர்ந்தது. அதாவது, கப்பலைப் பற்றிய காகிதம் ஒன்று வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் எதிர்வீட்டுக்காரர். நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர். வயதில் மூத்தவராதலால் அண்ணாச்சி என்றே அவரை அழைப்பது வழக்கம். அணுசக்தித் துறையில் இரவும் பகலும் மாறி மாறி ஷிப்டு பார்க்கும் தொழில்நுட்பப் பணியாளர். அவருடைய மகன் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் பௌதிகமும் படித்துத் தேறியிருந்தான். கப்பலுக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"தம்பி, இதைப் படித்து அர்த்தம் சொல்ல வேண்டும். எனக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை, இந்த ஆங்கிலம்தான் புரியவில்லை" என்றார்.

தரகர் ஒருவர் கொடுத்த காகிதம் அது. ஒரே மாதத்தில் வேறொரு நாட்டின் கடற்பணிப் புத்தகம் வாங்கித் தரப்படும். அதன்பின் உடனே வெளிநாட்டுக் கப்பலில் உத்தியோகம். இதற்குச் சில லட்ச ரூபாய் கட்டணம். படிப்பைப் பற்றியோ தேர்வைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

நாமோ மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். கலைப்பிரிவில் பட்டம் பெற்றவர். சட்ட வாசகங்களை ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குக் கொண்டு சேர்ப்பது நமது தொழில்; அவ்வாசகங்களின்படி கப்பலைக் கொண்டு சேர்ப்பது அன்று. ஆயினும் அண்ணாச்சியை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு சில வாரங்கள் கப்பற் பணியாளர் பற்றிய விதிகளைப் படித்தோம். அப்போது படித்ததையும், பின்னர் அந்தக் குடும்பத்தின் வாயிலாகக் கண்டதையும் நேயர்களிடம் சொல்வதே இன்றைய பேச்சு.

வணிகக் கப்பலில் ஆள் அமர்த்துவதைப் பற்றிய விதிகள் அடிப்படையில் இரண்டு கேள்விகளையே கேட்கின்றன. இந்த மனிதனுக்கு இவ்வேலை தெரியுமா என்பது ஒன்று. இந்த வேலைக்கு இத்தனை மனிதர் போதுமா என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை சான்றிதழ். நம் தமிழ்க் குடும்பங்களுக்குச் சான்றிதழின் பெருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவர்கள் நாம். இரண்டாம் கேள்வி ஒன்று இருக்கிறது என்பதையே நாம் அறிந்திருக்கவில்லை.

முதற் கேள்வி ஒன்றும் மிகப் பழையதன்று. பிரிட்டனில் வெளிநாடு செல்லும் கப்பல்களின் தலைவரும் மேட்டுகளும் தேர்வெழுதித் தேறியவராய் இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியது 1850-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் கப்பலின் சொந்தக்காரர் தம் மருமகனைக் கப்பல் தலைவராக்கினாலும் கேட்பாரில்லை. நம் நாட்டு மாலுமிகளோ லஸ்கர்கள் என்ற பெயரில் ஆங்கிலேயர் கப்பல்களில் ஆயிரக்கணக்கில் உழைத்தார்கள். செராங்கு, தண்டல், சுக்கானி, பண்டாரி என்று அவர்களுக்குள் படிகள் இருந்தன. தண்டல் என்ற சொல் தூத்துக்குடிக்காரர்களுக்குப் புதிதன்று. தோணியை நடத்திச் செல்பவருக்கு அங்கே இன்றும் அதுவே பெயர். ஆங்கிலேயரின் நீராவிக் கப்பலில் அதே தண்டல், செராங்குக்கும் கீழே ஒரு கீழ்ப்படி ஆனார். சொல் ஒன்றே, ஏறிய கலம் வேறு.

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும், காலியா, லாவோ என்ற இரு கப்பல்களை வாங்கியதும் யாவரும் அறிந்தவை. கப்பல் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் பள்ளி ஒன்று அக்காலத்தில் இந்நாட்டில் இல்லை என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. டஃபரின் என்ற பயிற்சிக் கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நங்கூரமிட்டு, இந்திய இளைஞர்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது 1927-ல். அதற்குப் பிறகு ராஜேந்திரா, அதற்குப் பிறகு நெருலில் கரைமேலேயே அமைந்த சாணக்கியா என்று அந்தப் பரம்பரை தொடர்கிறது. அணுசக்தி நகரிலிருந்து வாஷிப் பாலத்தைக் கடந்தால் நெருல் அதிகத் தொலைவில்லை.

அந்நாளில் ஒவ்வொரு நாடும் தனக்குத் தோன்றிய அளவில் மாலுமிகளுக்குச் சான்று வழங்கியது. 1967 மார்ச்சில் டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைக்கருகே பாறையில் மோதி, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட எண்ணெயைக் கடலில் கொட்டியது. கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டாலும் எண்ணெய் எந்த நாட்டுக் கரையிலும் ஒதுங்கும் என்பதை அப்போது எல்லோரும் கண்டுகொண்டார்கள். மாலுமிகளின் பயிற்சி, சான்று, காவல்முறை ஆகியவற்றுக்கு உலக முழுமைக்கும் பொதுவான ஓர் அடிமட்ட அளவை வகுக்கும் உடன்படிக்கை 1978-ல் லண்டனில் உருவாகி, 1984-ல் நடைமுறைக்கு வந்தது. 1995-லும் 2010-லும் அது பெரிதும் திருத்தப்பட்டது. இந்தியா அதைத் தழுவி 1998-லும் 2014-லும் விதிகளை வெளியிட்டது. அவ்விதிகளுக்குத் தாயாயிருந்த 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்கு மாற்றாக 2025-ல் நாடாளுமன்றம் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியிருக்கிறது.

இவ்விதிகளின்படி அண்ணாச்சியின் மகனுக்கு முன்னிருந்த பாதை நீளமானது, ஆனால் ஒளிவுமறைவற்றது. நுழைவுத் தேர்வு, கண்பார்வையும் நிறம் பிரித்தறியும் திறனும் உட்பட மருத்துவச் சோதனை, கப்பலோட்டும் கல்வியில் ஓராண்டு டிப்ளமோ, உயிர்காப்பு, தீயணைப்பு, முதலுதவி முதலிய அடிப்படைப் பயிற்சிகள், சி.டி.சி. என்று சுருக்கி வழங்கும் கடற்பணிப் புத்தகம். பயிற்சி மாணவனாக 18 மாதம் கடலில். அதன்பின் இரண்டாம் மேட்டுக்கான தேர்வு. அத்தேர்வில் தேறினால்தான் கப்பலின் ஓட்டுமேடையில் தனிப்பொறுப்பில் நிற்கலாம். பிறகு முதல் மேட்டு, அதற்கும் பிறகு மாஸ்டர். பெற்ற சான்றும் ஆயுள் முழுவதற்குமன்று; 5 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும்.

தரகரின் காகிதம் இந்தப் பாதை முழுவதையும் ஒரே மாதத்தில் தாண்டுவதாகச் சொல்லிற்று. இந்திய மாலுமிகளை வேலைக்கு அனுப்புவோர் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்த இயக்குநரகம் இதே மும்பையில் இருக்கிறது. உரிமம் பெற்றவர்களின் பட்டியலை யாரும் பார்க்கலாம். வேலை வாங்கித் தருவதற்கென்று மாலுமியிடம் கட்டணம் வாங்குவதும் விதிக்கு மாறானது. இவ்விரண்டையும் சொன்னவுடன் அண்ணாச்சி காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "மூன்று லட்சம் மிச்சம்" என்று மட்டும் சொன்னார். பணத்தோடு போனால் பரவாயில்லை என்று எண்ணும்படியான கதைகளும் உண்டு. 2024-ல் உலகெங்கும் சொந்தக்காரர்களால் கைவிடப்பட்ட கப்பல்களில், சம்பளமும் திரும்பி வர வழியும் இல்லாமல் சிக்கிக்கொண்ட மாலுமிகள் 3,133 பேர் என்று சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்கிட்டது. அவர்களில் 899 பேர் இந்தியர். எந்த நாட்டவரையும் விட அதிகம்.

பையன் நேர்வழியில் போனான், படித்தான், தேறினான், பயிற்சி மாணவனாகச் சரக்குக் கப்பல் ஒன்றில் ஏறினான். கதை இத்துடன் முடிந்திருந்தால் இரண்டாம் கேள்விக்கு நாம் வந்தேயிருக்க மாட்டோம். ஏறிய நான்காம் மாதத்தில் துறைமுகம் ஒன்றிலிருந்து அவன் தந்தைக்கு ஒரு நீண்ட செய்தி அனுப்பினான். அதைப் பின்னர்ச் சொல்வோம். அதைப் புரிந்துகொள்ள, கப்பலில் மனிதர்கள் எவ்வாறு விழித்திருக்கிறார்கள் என்பதை நேயர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நடுக்கடலில் கப்பலை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத் தூங்க முடியாது. ஆகவே நாள் முழுவதையும் காவல்களாகப் பிரிக்கிறார்கள். கப்பற்காரர்கள் அதை வாட்சு என்பார்கள். மூன்று அதிகாரிகள் இருந்தால் ஒவ்வொருவரும் 4 மணி நேரம் காவல் நின்று 8 மணி நேரம் விடுபடலாம். நள்ளிரவு 12 முதல் 4 வரை ஒருவர், 4 முதல் 8 வரை ஒருவர், 8 முதல் 12 வரை ஒருவர். பகலிலும் அதே வரிசை. இரண்டு பேரே இருந்தால் 6 மணி நேரம் வேலை, 6 மணி நேரம் ஓய்வு. அந்த ஆறில் உண்ண வேண்டும், குளிக்க வேண்டும், காகிதங்களை எழுத வேண்டும். மீந்ததில் உறங்க வேண்டும். துறைமுகத்துக்குள் வந்துவிட்டாலோ சரக்கு இறக்கும் வேலையும் அதே இருவர் தலைமேல் விழுகிறது. சிறிய கப்பல்கள் பலவற்றில் இன்றும் இதுதான் நடைமுறை.

எத்தனை பேர் இல்லாமல் கப்பல் புறப்படக் கூடாது என்பதை, அக்கப்பல் எந்த நாட்டுக் கொடியைத் தாங்குகிறதோ அந்நாட்டு அரசு ஒரு சான்றில் எழுதிக் கொடுக்கிறது. எந்தெந்தப் பதவியில், எந்தெந்தத் தகுதியுடையவர், எத்தனை பேர் என்று அதில் இருக்கும். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எந்தத் துறைமுகத்திலும் சோதனை அதிகாரி அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். இச்சான்றின் பெயரைத் தமிழாக்கும்போது நமக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. குறைந்தபட்சப் பாதுகாப்பு ஆளெண்ணிக்கை என்று எழுதினோம். எழுதியபின் வாசித்துப் பார்த்தால் குறைந்தபட்சமாக இருப்பது ஆளெண்ணிக்கையா, பாதுகாப்பா என்பது ஐயமாயிற்று. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் வகுத்ததே பல இடங்களில் கூலியாகி நின்றுவிட்டதைப் போல, இதற்குக் கீழே போகாதே என்று போட்ட கோடு இதற்கு மேலே போகாதே என்ற கோடாகிவிட்ட கப்பல்களும் உண்டு.

ஆள் எண்ணிக்கை உயிர்களோடு எவ்வாறு பின்னிக் கிடக்கிறது என்பதற்கு ஒரு பழைய சம்பவம். வானொலியில் சொல்லப் பொருத்தமானதும்கூட. 1912 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு, டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியபோது, காலிஃபோர்னியன் என்ற மற்றொரு கப்பல் அதற்கு அதிகத் தொலைவில்லாத இடத்தில் பனிக்கட்டிகளுக்கிடையே நின்றுகொண்டிருந்தது. அதில் கம்பியில்லாத் தந்திக் கருவி இருந்தது. அதை இயக்கத் தெரிந்தவரும் இருந்தார்; ஆனால் ஒருவரே இருந்தார். பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, இரவு பதினொன்றரை மணியளவில் கருவியை நிறுத்தி அவர் படுக்கப் போனார். சுமார் 10 நிமிடங்கள் கழித்து டைட்டானிக் மோதியது. அதன் அபயக்குரல் வானில் ஒலித்தது. காலிஃபோர்னியனில் அதைக் கேட்கக் காது இல்லை. மேல்தட்டில் காவலிருந்தவர்கள் தொலைவில் வாணங்கள் எழுவதைக் கண்டார்கள். அவை எதற்கென்று தெளியவில்லை. விடியற்காலையில் தந்திக்காரரை எழுப்பியபோதுதான் செய்தி தெரிந்தது. சற்றேறக்குறைய 58 மைல் தொலைவிலிருந்த கார்பேதியா என்ற கப்பல் அந்த அழைப்பைக் கேட்டு விரைந்து, எழுநூற்றுக்கு மேற்பட்டோரைக் காப்பாற்றியது. அக்கப்பலிலும் தந்திக்காரர் ஒருவரே. அவர் இன்னும் படுக்கவில்லை என்பதே வேற்றுமை. 1,500-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

காலிஃபோர்னியனின் தந்திக்காரரைக் குறைசொல்ல இடமில்லை. அவருக்குத் தகுதி இருந்தது, கருவி பழுதில்லை, விதியையும் அவர் மீறவில்லை. ஒரு மனிதர் 24 மணி நேரமும் விழித்திருக்க முடியாது, அவ்வளவே. 1914 ஜனவரியில் நாடுகள் லண்டனில் கூடிக் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் உடன்படிக்கையை வகுத்தபோது, இடைவிடாமல் கேட்டிருக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்தன. உலகப் போர் மூண்டதால் அந்த உடன்படிக்கை அப்போது செயலுக்கு வரவில்லையெனினும் கருத்து நிலைத்துவிட்டது. பின்னர் இயந்திரங்களே கேட்கக் கற்றுக்கொண்டன. செயற்கைக்கோளும் தானியங்கி எச்சரிக்கையும் வந்து, 1999 பிப்ரவரியில் புதிய அபாய அறிவிப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்ததும், ரேடியோ அதிகாரி என்ற பதவியே பெரும்பாலான வணிகக் கப்பல்களிலிருந்து மறைந்தது. இயந்திர அறையிலும் அப்படியே. பல கப்பல்களில் இரவில் அங்கே ஒருவரும் இருப்பதில்லை. கோளாறு நேர்ந்தால் பொறியாளரின் அறையில் மணி அடிக்கிறது. கரி அள்ளிப்போடவே ஒரு படை வேண்டியிருந்த காலம் போய், இன்று மிகப்பெரிய சரக்குக் கப்பலும் இருபது, இருபத்தைந்து பேரோடு உலகைச் சுற்றி வருகிறது.

இதில் வியப்பதற்கும் இடமுண்டு, கவலைப்படுவதற்கும் இடமுண்டு. மனிதர் குறைந்தபோது ஒவ்வொருவருடைய வேலையும் குறைந்ததா என்பதுதான் கேள்வி. 2010 ஏப்ரல் 3-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் கிளாட்ஸ்டன் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு சீனாவுக்குப் புறப்பட்ட ஷென் நெங் 1 என்ற கப்பல், பெரும் பவழத்திட்டின் ஒரு பகுதியில் தரைதட்டிற்று. காவலில் இருந்தவர் தலைமை மேட்டு. எல்லாச் சான்றுகளும் உடையவர். துறைமுகத்தில் சரக்கேற்றத்தை மேற்பார்த்தவரும் அவரே. கப்பல் தரைதட்டுவதற்கு முந்திய 38½ மணி நேரத்தில் அவர் உறங்கியது 2½ மணி நேரம் என்று விசாரணையில் தெரிந்தது. 1989 மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் ஏறியதை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும், கப்பல் தலைவர் மது அருந்தியிருந்ததைச் சொன்னதோடு நிற்கவில்லை. ஓட்டுமேடையில் இருந்த மூன்றாம் மேட்டின் களைப்பையும் மிகை வேலையையும் சொன்னது. ஓய்வெடுத்த, போதுமான பணியாளரைக் கம்பெனி தரவில்லை என்பதையும் சொன்னது. செய்தித்தாள்கள் மதுவை நினைவில் வைத்துக்கொண்டன, உறக்கத்தை மறந்துவிட்டன.

இத்தகைய விபத்துகளுக்குப் பிறகே ஓய்வு நேரம் விதிப்புத்தகத்தில் ஏறியது. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி ஓய்வு. அதை இரண்டுக்கு மேற்பட்ட துண்டுகளாக வெட்டக் கூடாது. அவற்றுள் ஒரு துண்டு 6 மணிக்குக் குறையக் கூடாது. 7 நாளில் மொத்தம் 77 மணி ஓய்வு வேண்டும். இதைப் படித்ததும் நமக்கு முதலில் மகிழ்ச்சியாயிருந்தது. பிறகு, கணக்கில் நமக்குள்ள வழக்கமான தயக்கத்தோடு, ஒரு வாரத்துக்கு 168 மணி என்பதிலிருந்து 77-ஐக் கழித்துப் பார்த்தோம். 91 மீந்தது. வாரத்தில் 91 மணி நேரம் ஒருவரை வேலை வாங்கினாலும் இந்த ஓய்வுக் கணக்கு மீறப்படுவதில்லை. வாரத்தில் ஐந்து நாள் மின்விசிறிக்கடியில் அமர்ந்து மொழிபெயர்க்கும் நாம், வெள்ளிக்கிழமை மாலையில் களைத்துப்போனதாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

அணுசக்தி நகர்வாசிகளுக்கு இவையெல்லாம் வேற்றுலகச் செய்திகளாகத் தோன்ற வேண்டியதில்லை. அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் அமர்பவரும் பயிற்சி பெற்று, தேர்வெழுதி, உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் இன்னின்னார் இருந்தே தீர வேண்டும் என்ற விதியும் உண்டு. அவ்விதிகளைக் காக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-ல் அமைந்தது. அதன் தலைமையகமான நியாமக் பவன் இந்நகரிலேயே நிற்கிறது. கப்பலும் அணு உலையும் ஒரே கலத்தில் சேர்ந்த கதையும் ஒன்றுண்டு. சவானா என்ற அமெரிக்க வணிகக் கப்பல் அணுசக்தியால் ஓடியது. 1959-ல் நீரில் இறக்கப்பட்டு, 1962-ல் பயணம் தொடங்கியது. அதன் பொறியாளர்கள் அணு உலையை இயக்கத் தனிப்பயிற்சி பெற்றவர்கள். அதற்காகக் கூடுதல் சம்பளமும் பெற்றார்கள். கப்பல் மரபிலோ மேல்தட்டு அதிகாரிக்குத்தான் பொறியாளரைவிடச் சம்பளம் அதிகம். மரபு காக்கப்பட வேண்டும் என்று நடுவர் ஒருவர் தீர்ப்பளித்தார். பொறியாளர்கள் 1963 மே மாதத்தில் உலையை நிறுத்திவிட்டார்கள். அரசு கப்பலை வேறு கம்பெனியிடம் ஒப்படைத்தது. ஆனால் அணு உலை தெரிந்த மாலுமிகள் கடைவீதியில் கிடைப்பவர்களா? புதியவர்களைப் பயிற்றுவித்துக் கப்பல் மீண்டும் புறப்பட ஓராண்டுக் காலம் பிடித்தது. எரிபொருள் நிறைந்திருந்தது, உலை நன்றாயிருந்தது, கடலும் இருந்தது. ஆள் இல்லை. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, "எங்கள் இடத்திலும் உலையைவிட ஆளுக்குத்தான் நாளாகும்" என்றார்.

இனி, அந்தப் பையன் எழுதியதைச் சொல்லலாம். அவன் ஏறிய கப்பலில் காவலுக்கு அதிகாரிகள் இருவரே. துறைமுகங்கள் நெருங்கி நெருங்கி வந்தன. பயிற்சி மாணவனைச் சான்றிலுள்ள எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஆனால் வேலையில் சேர்த்துக்கொள்கிறார்கள். அவன் சில நாள்களில் 16 மணி, 17 மணி நேரம் நின்றிருக்கிறான். ஓய்வு நேரப் பேரேட்டில் மட்டும் நாள்தோறும் 10 மணி ஓய்வு என்று எழுதியிருந்தது. மாதக் கடைசியில் மூத்த அதிகாரி ஒருவர் எல்லோரையும் உட்காரவைத்து, முழு மாதத்துக்கும் ஒரே இருப்பில் நிரப்பச் சொன்னாராம். "எல்லாம் ஒரே மையில் இருக்கிறது, அப்பா" என்று எழுதியிருந்தான்.

அண்ணாச்சி அன்று வந்து நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். சம்பளம் குறைவு என்றோ, சாப்பாடு சரியில்லை என்றோ எழுதியிருந்தால் அவர் பொறுத்திருப்பார். பொய்ப் பேரேட்டை அவரால் பொறுக்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பேரேட்டில் கையெழுத்திட்டு, அடுத்தவரிடம் நாற்காலியை ஒப்படைத்து வீடு திரும்பும் மனிதர் அவர். "அளவு தப்பாக இருந்தால் திருத்தலாம், தம்பி. அளவையே தப்பாக எழுதினால் எதை வைத்துத் திருத்துவது?" என்று கேட்டார்.

விதி என்ன சொல்கிறது என்று இருவருமாகப் பார்த்தோம். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-ல் ஏற்றது. அதன்படி வேலை நேர அட்டவணை எல்லோரும் காணும் இடத்தில் தொங்க வேண்டும். ஓய்வுப் பதிவின் பிரதி ஒன்று, கையெழுத்தோடு, மாலுமிக்குக் கிடைக்க வேண்டும். கப்பலிலேயே முறையிடவும், துறைமுக நாட்டு அதிகாரியிடம் முறையிடவும் வழி உண்டு. முறையிட்டவரைப் பழிவாங்கக் கூடாது. எல்லாம் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தப் பையனுடைய பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டியவரும் அதே மூத்த அதிகாரிதான். அந்தக் கையெழுத்து இல்லையென்றால் 18 மாதமும் கணக்கில் ஏறாது. தேர்வும் எழுத முடியாது. முதற் கேள்விக்கு விடையாகிய சான்றைப் பெறுவதற்காக, இரண்டாம் கேள்வியைக் கேட்காமலிருக்க வேண்டிய நிலை.

அண்ணாச்சி மகனுக்குச் சொல்லியனுப்பியது இது: உண்மையான நேரத்தை உன் சொந்தக் குறிப்பேட்டில் அன்றன்றைக்கு எழுது, தூக்கம் வந்தால் தூக்கம் வருகிறது என்று வாய்விட்டுச் சொல், நின்றபடி தூங்காதே. அதற்கு மேல் சொல்ல அவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு துறைமுகத்தில் சோதனை அதிகாரி கப்பலில் ஏறினார். பையன் வாய் திறக்கவில்லை. அவனைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த அதிகாரி ஓய்வுப் பேரேட்டை எடுத்துக்கொண்டு, கப்பல் துறையில் கட்டப்பட்ட நேரங்களையும் சரக்கு இறக்கிய நேரங்களையும் அருகில் வைத்து ஒப்பிட்டிருக்கிறார். ஓய்வு என்று எழுதிய மணிகளில் அதே ஆட்கள் கயிறு பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்துவிட்டது. குறை எழுதப்பட்டது. அடுத்த துறைமுகத்தில் மேலும் ஓர் அதிகாரி கப்பலில் ஏறினார். அன்றிரவு நெடுநாளைக்குப் பிறகு 7 மணி நேரம் தொடர்ந்து தூங்கியதாகப் பையன் எழுதினான்.

கடலுக்குப் பிள்ளைகளை அனுப்பும் நேயர்கள் இப்போது நம்மிடம் வருவதுண்டு; அண்ணாச்சி அனுப்பிவைக்கிறார். எந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம், எந்தெந்த நாடு போகும் என்று கேட்டு வைத்திருக்கிறார்கள். கப்பல் எந்த நாட்டுக் கொடியுடையது, ஆளெண்ணிக்கைச் சான்றில் எத்தனை பேர், உண்மையில் ஏறுபவர் எத்தனை பேர், காவலுக்கு அதிகாரிகள் இருவரா மூவரா என்று கேட்கச் சொல்கிறோம். இப்படியும் கேட்கலாமா என்று தயங்குகிறார்கள். கேட்கலாம். அனுப்பும் நிறுவனத்துக்கு விடை தெரியாமல் இராது.

பையன் 18 மாதத்தை முடித்து, இரண்டாம் மேட்டுத் தேர்விலும் தேறிவிட்டான். சென்ற மாதம், அதிகாரியாகத் தன் முதற் கப்பலில் ஏறிய அன்று, தந்தையைத் தொலைபேசியில் அழைத்தான். நாமும் அப்போது அங்கிருந்தோம். கப்பல் எவ்வளவு நீளம், எந்தத் துறைமுகம், என்ன சரக்கு என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாட்சுக்கு எத்தனை பேரப்பா?" என்றார்.

"மூன்று பேர்."

"சரி, போய்த் தூங்கு" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அன்று அவருக்கு இரவு ஷிப்டு.